நாலு அங்குலக் காற்று

எங்கள் வீடு முதலில் மொட்டை மாடியில்தான் இருந்தது. காக்களூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடி. நான்தான் சாக்பீஸால் வரைந்தேன். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. பில்டர் கொடுத்த வழவழப்பான காகிதத்தில் இருந்த அளவுகளை ஒரு நூல்கூடப் பிசகாமல் தரையில் இறக்கினேன். எனக்குப் பேச வராது. கோடு போட வரும்.

நிஜ வீடு செவ்வாப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மூன்றாவது மாடியில் வரப்போவதாகச் சொன்னார்கள். நாங்கள் முன்பணம் கட்டியபோது அங்கே முதல் மாடியே இல்லை. பெரிய பள்ளம் ஒன்றும், பக்கத்தில் ஒரு போர்டும் இருந்தன. போர்டில் நீச்சல் குளத்தின் ஓரம் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. நீச்சல் குளம் எங்கள் பிளாக்குக்குக் கிடையாது என்று கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னார்கள். என் மனைவி கவலைப்படவில்லை.

"நல்லதாப் போச்சு. உனக்கு நீச்சல் தெரியாது. தினம் நான் பயந்துகினு இருக்கணும்" என்றாள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தாவது படித்தவன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது காக்களூர் எஸ்டேட்டில் இரும்பு ரேக் செய்யும் சின்ன யூனிட்டில் அளந்து வெட்டுகிற வேலை. என் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் வந்தால் தங்கத்தான் இரண்டாவது படுக்கையறை. என் பி.எஃப். பணமும் மனைவியின் நகையும் முன்பணமாகப் போய்விட்டன. மிச்சம் முழுவதும் பேங்க் லோன்.

இதையெல்லாம் நினைத்தால் அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் இருவருக்கும் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது. வேலை முடிந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவோம். அவள் சாக்பீஸ் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். நான் சாக்பீஸ் ஹாலில் பேப்பர் படிப்பேன். "ஏங்க, காலிங் பெல் அடிக்குது" என்பாள். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "யாருமில்ல" என்பேன். இதற்கு இருவரும் சிரிப்போம். ஒரு நாள் அவசரத்தில் நான் சுவரைத் தாண்டி நேராகப் பால்கனிக்குப் போய்விட்டேன். "வாசல் எதுக்கு வச்சிருக்குது?" என்று கேட்டு என்னைத் திரும்பப் போய் ஒழுங்காக வரச் சொன்னாள். போய் வந்தேன்.

அவளுடைய அண்ணன் பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர். ஆந்திரா எல்லை என்பதால் பேச்சில் பாதி தெலுங்கு கலந்து வரும். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவரை நேராக மாடிக்கு அழைத்துப்போனாள். அவர் சுற்றிலும் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஹால் சுவர் வழியாக நடந்து படுக்கையறைக்குள் போய் நின்றார்.

"அண்ணா, அது செவுரு" என்றாள் என் மனைவி.

"எது?"

"நீ பூந்து வந்தது. வாசல் அந்தாண்ட இருக்குது பாரு."

அவர் என்னைப் பார்த்தார். "நைனா, டப்பு குடுத்து காத்தை வாங்கிகினு, அதுக்கு வாசல் வேறயா? எங்கூர்ல ஒரு செண்டு நெலம் வாங்கணும்னாலே நாலு தபா அளந்து பாப்பாங்க. நீங்க இன்னாத்தை அளந்தீங்க?"

"பிளான் இருக்குது மச்சான்" என்றேன்.

"பிளான் எங்கிட்டயும் இருக்குது. கிணத்துல தண்ணி வர்றதுதான் பிளான்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சுவர் வழியாகவே வெளியே போனார்.

கட்டடம் எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். மூன்றாவது மாடியில் சுவர் ஏறிய நாளில், கீழே தெருவில் நின்றுகொண்டு, "அதோ நம்ம ஜன்னல்" என்று அவள் காட்டினாள். அது வெறும் ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது. அவ்வளவு அழகான ஓட்டையை நான் பார்த்ததில்லை.

சுவர் ஏறியதும் பெரிய தவணை கட்ட வேண்டும் என்று பில்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. குறித்த தேதிக்குள் பேங்க் பணம் வராவிட்டால் பதிவு ரத்தாகும், கட்டியதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் உள்ள பேங்குக்குப் போனோம். லோன் பார்க்கும் பெண் எங்கள் மகள் வயதுதான் இருப்பாள். பொறுமையாகச் சொன்னாள்.

"சார், லோன் சேங்ஷன் ஆயிருக்கு. ஆனா நீங்க பேசின விலைக்கு பேங்க் குடுக்காது. எங்க வேல்யூவர் வந்து பார்ப்பாரு. வீட்டை அளந்து, அக்கம்பக்கத்து விலையைப் பார்த்து, இந்த வீடு இவ்வளவுதான் பெறும்னு எழுதுவாரு. எது கம்மியோ, அதுல இருந்துதான் எங்க கணக்கு."

"கம்மியா எழுதிட்டா?" என்று கேட்டாள் என் மனைவி.

"மிச்சத்தை நீங்க கைல இருந்து போடணும்மா."

"கைல இன்னா இருக்குது, வளையல்கூட இல்ல" என்று அவள் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, போன மாதம் வேறொரு கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்கு மதிப்புக் குறைந்து வந்ததையும், அவர்களால் மிச்சத்தைப் புரட்ட முடியாமல் வீட்டை விட்டுவிட்டதையும் சொன்னாள். திரும்பும் வழியில் செவ்வாப்பேட்டைக்குப் போகும் ரயில் எங்களைத் தாண்டியபோது நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் என் மனைவி தேறிவிட்டாள். "பொண்ணு பாக்க வர்ற மாதிரிதான். வர்றவரு மனசு குளிரணும். அவ்ளோதான்" என்றாள்.

அவள் சொன்னதைச் செய்தாள். வேல்யூவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, இருவரும் லீவு போட்டு, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் பிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினோம். கைப்பிடி இல்லாத படிக்கட்டில் கேசரித் தூக்கு என் கையில். எங்கள் வீட்டு நிலைக்கு இன்னும் கதவு இல்லை. அவள் அதில் மாவிலை கட்டினாள். சிமெண்ட் தரையைத் துடைப்பத்தால் பெருக்கி, வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தேன். ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் துண்டை விரித்து அவருக்கு இருக்கை தயார் செய்தோம்.

வேல்யூவர் ஹெல்மெட்டும் கையுமாக ஏறி வந்தார். ஒல்லியான இளைஞர். அன்றைக்கு அது அவருக்கு ஐந்தாவது கட்டடமாம். மாவிலையைப் பார்த்து, "இன்னைக்கு கிரகப்பிரவேசமா சார்?" என்று தயங்கினார்.

"நீங்க உள்ள வாங்க, சாப்பிட்டுட்டு அளக்கலாம்" என்றாள் என் மனைவி.

"டியூட்டில சாப்பிடக் கூடாதும்மா."

"கேசரிதான். சாப்பாடு இல்ல."

அவர் ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. பிறகு பையிலிருந்து லேசர் வைத்து அளக்கும் கருவியை எடுத்தார். அது ஒரு தடவை சிவப்பாக மின்னிவிட்டு அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அவர் நொந்துபோன முகத்தோடு அதை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் என் பேன்ட் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினேன். ஐந்து மீட்டர் டேப். அது இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

"சூப்பர் சார். அந்த முனையை நீங்க பிடிங்க" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு ஆபீசருக்கு என்னால் உதவ முடிந்தது அதுதான் முதல் தடவை. சுவரோடு ஒட்டிக் குனிந்து பிடித்தேன். அவர் எதிர்ச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"புடிச்சிட்டீங்களா?"

"ம்" என்றேன்.

"ஹால் பதினஞ்சு அடி" என்று படித்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். குறுக்கே அளந்தார். "பத்து." மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். படுக்கையறைக்குப் போனோம். பதினொன்று, பத்து. அடுத்தது பத்து, ஒன்பது. சமையலறை எட்டு, ஏழு. அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது.

"சார், நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. பிளான்ல இருக்கிறதும் சுவத்துல இருக்கிறதும் இப்படி ஒண்ணா இருந்து நான் பார்த்ததே இல்ல. உங்க மேஸ்திரிக்கு மாலை போடணும்" என்றார்.

என் மனைவி அவருக்கு மீதிக் கேசரியைக் கட்டிக் கொடுத்தாள்.

மூன்று நாளில் ரிப்போர்ட் வந்துவிட்டது. பேசிய விலையும் வேல்யூவர் போட்ட மதிப்பும் ஒன்றேதான். அடுத்த வாரம் பணம் பில்டருக்குப் போய்விடும் என்று லோன் பெண் போனில் சொன்னாள். அன்று சாயங்காலம் என் மனைவி சாக்பீஸ் ஹாலில் கையை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரில் இடிக்காமல்தான் சுற்றினாள். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. காலிங் பெல் அடிப்பதற்கு முன்பே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மறுநாள் யூனிட்டில் ஒரு ரேக்குக்கு இரும்பு ஆங்கிள் வெட்ட வேண்டியிருந்தது. நான் ஒரு முனையைப் பிடித்தேன். என்னோடு வேலை செய்பவர் மறுமுனையில் படித்தார். "ரெண்டாயிரத்து நூறு. நூறு போச்சுன்னா ரெண்டாயிரம்" என்று சொல்லிக் கோடு கிழித்தார்.

நான் குனிந்து என் கட்டை விரலைப் பார்த்தேன்.

டேப்பின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும். மில்லில் சூட்டில் அது வளைந்துவிடும், தேய்ந்துவிடும், நுனி கருகியும் போகும். அதை நம்பி அளந்தால் இரும்பு வீணாகும். அதனால் நாங்கள் நுனியை விட்டுவிட்டு, நூறு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் கோட்டை விளிம்பில் வைத்துப் பிடிப்போம். மறுமுனையில் படிப்பவர் அந்த நூறைக் கழித்துக்கொள்வார். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் பழகிய கை, காக்களூரிலும் அப்படித்தான் பிடித்தது. செவ்வாப்பேட்டையில் மூன்றாவது மாடியிலும், இஸ்திரி போட்ட சட்டையோடு குனிந்து, அப்படியே பிடித்திருந்தது.

வேல்யூவருக்கு அது தெரியாது. அவர் கழிக்கவில்லை.

நூறு மில்லி என்றால் ஏறக்குறைய நாலு அங்குலம். எங்கள் வீட்டின் ஒவ்வொரு அறையும் நீளத்தில் நாலு அங்குலம், அகலத்தில் நாலு அங்குலம் குறைவு. காகிதத்தில் இருந்ததும் சுவரில் இருந்ததும் ஒன்றாக இருக்கவில்லை. நான் பிடித்த பிடியில் ஒன்றாகிவிட்டிருந்தன. மாலை எனக்குத்தான் போட வேண்டும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மதிப்பு இறங்கும், லோன் இறங்கும், மிச்சத்துக்கு எங்களிடம் வளையல்கூட இல்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. தோன்றிய உடனே, அளந்து வெட்டுகிறவனுக்கு இப்படியும் தோன்றுமா என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் என் மனைவி என்னைத் திருவள்ளூர் பஜாரில் ஒரு மரச்சாமான் கடைக்கு இழுத்துப்போனாள். வேல்யூவரின் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். "பெட்ரூம்ல பீரோ போக, ஜன்னலாண்ட இந்தக் கட்டில் கச்சிதமா உக்காரும். ஒரு இஞ்சு இடிக்காது" என்று கடைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைத் திறந்தாள்.

"அது உக்காராது" என்றேன்.

"ஏன் உக்காராது?"

"நாலு இஞ்சு இடிக்கும்."

கடைக்காரர் எங்களை விட்டு நகர்ந்து போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளைந்த கொக்கி, நூறு, "ம்" என்று மட்டும் சொன்னது, எல்லாம். அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"யோவ், கேசரி செஞ்சது நானு, மாவிலை கட்டுனது நானு. கடைசில ஆபீசரை மயக்கினது உன் கட்டை வெரலா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதுக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"சரி, சொல்லாம உட்டா இன்னா ஆவும்?"

"லோன் வரும். வீடு வரும்."

"இல்லாத நாலு இஞ்சுக்கும் இருபது வருஷம் வட்டி கட்டணும்."

"ஆமா."

"எங்கண்ணன் கேட்டுச்சே, காத்துக்கு டப்பு குடுத்தியான்னு. அதுவும் சரியாப் பூடும்." பர்ஸை மூடினாள். "சொல்லிடு. ஊடு போனாப் போவுது. அந்த ரூம்ல நான் தினம் படுத்துகினு, இந்த நாலு இஞ்சு எங்கன்னு தேடிகினு இருக்க முடியாது. ஆனா நீதான் சொல்லணும். வெரலு உன்னுது."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யூனிட் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு வேல்யூவருக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு டீ ரசீதின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். அவர் எடுத்ததும் எழுதியது மறந்துபோனது.

"சார், நான்... மூணாவது மாடி... கேசரி" என்றேன்.

"கேசரி சாரா? சொல்லுங்க சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஆபீசரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"இதை ஏன் சார் எங்கிட்ட சொல்றீங்க? ரிப்போர்ட்டே போயிடுச்சு. யாரும் இப்படி வந்து சொல்ல மாட்டாங்க."

"இல்லாத எடத்துக்கு வட்டி கட்ட முடியாது சார்."

"நானும் ஜீரோவைப் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று அவர் முனகினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "மறுபடியும் அளந்தாத்தான் சரி. பேங்க்ல நானே சொல்லிடறேன். அடுத்த சனிக்கிழமை வர்றேன். ஆனா அளவு குறைஞ்சா லோனும் குறையும், தெரியும் இல்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"கேசரி வேண்டாம் சார்."

செய்தி கேட்டு மச்சான் முந்தின நாளே பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்ததும் கேட்டது வேறு.

"அக்ரிமெண்ட் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் அதை முழுக்கப் படித்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருந்தார்கள், குறியை மட்டும் பார்த்துப் போட்டோம். மச்சான் நிலத் தகராறில் ஊறியவர். எந்தப் பத்திரத்தையும் எழுத்தெழுத்தாகப் படிப்பார். நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தவர், இட்லி ஆறிப்போகும்வரை படித்தார். தமிழில் கொடுத்திருந்த பிரதியில் பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"எங்கூர்ல சர்வேயர் வந்து அளந்து எடம் கொறைஞ்சா, டப்பு கொறையும். இதுல மட்டும் கொறையாதான்னு பார்த்தேன். கொறையும்னு அவனே எழுதியிருக்கான் நைனா. படி."

உள் அளவு ஒப்புக்கொண்டதைவிடக் குறைந்தால், குறைந்த அளவுக்கு உரிய தொகை விலையிலிருந்து கழிக்கப்படும். ஒரே வரி. நாங்கள் மூவரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். மதிப்பு இறங்கினால் விலையும் இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் எங்கள் கையிலிருந்து ஒன்றும் போட வேண்டியதில்லை.

"அப்போ நம்ம ஊடு சின்னதா இருக்கணும்னு வேண்டிக்கணுமா?" என்றாள் என் மனைவி.

"நல்லா வேண்டிக்கோ" என்றார் மச்சான்.

சனிக்கிழமை மூன்றாவது மாடியில் ஐந்து பேர் கூடினோம். நாங்கள் மூவர், வேல்யூவர், பில்டர் பக்கத்திலிருந்து சைட் இன்ஜினியர். வேல்யூவர் லேசரையும் புது பேட்டரியையும் கொண்டுவந்திருந்தார். இருந்தாலும் முதலில் டேப்பில் அளக்கலாம் என்றார். பழைய தப்பைப் பார்க்க வேண்டுமாம். நான் புது டேப் வாங்கி வைத்திருந்தேன். நுனியைச் சுவரில் அழுத்தினேன். எல்லாரும் என் கட்டை விரலையே பார்த்தார்கள்.

"ஜீரோ" என்று சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது. காலி அறையில் எதிரொலித்தது.

"பதினாலு அடி எட்டு இஞ்சு" என்றார் வேல்யூவர்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு வாங்குகிறவர்கள், அறை சின்னதாக இருப்பதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த இன்ஜினியர் பார்த்திருக்க மாட்டார். அகலம் ஒன்பது அடி எட்டு. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்குது, அடுத்த ரூமு போ" என்றார். ஒவ்வொரு அறைக்கும் நாங்கள் மூவரும் முன்னால் ஓடினோம். சமையலறையிலும் நாலு அங்குலம் குறைந்ததைக் கேட்டு என் மனைவி கை தட்டிவிட்டாள். அவள் ஆசைப்பட்ட சமையலறை அது.

லேசரும் அதையேதான் சொன்னது.

இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்தார். காகிதத்தில் இருந்தது சுவருக்கு உட்புற அளவு. கல் வைத்தவர்கள் அதை ஒரு சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சுவரின் கனம் நாலு அங்குலம். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சுவர் வந்து உட்கார்ந்துவிட்டது.

"இது சகஜம்தாங்க. பூச்சு பூசுனா இன்னும் கொஞ்சம் குறையும்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப அதையும் கொறைச்சி எழுதிக்கோ நைனா" என்றார் மச்சான்.

வேல்யூவர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

பில்டர் ஆபீசில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கையில் பேங்க் ஆள் கையெழுத்துப் போட்ட அளவு இருந்தது, பதினேழாம் பக்கம் இருந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேச வேண்டியிருக்கவில்லை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். தவணைக்கான கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, விலையைக் குறைத்த கடிதம் எங்கள் கைக்கு வந்தது.

"மத்த வீட்டுக்காரங்ககிட்ட இதைச் சொல்லிக்க வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"நான் சொல்ல மாட்டேங்க. எங்கூட்டுக்காரருக்குப் பேச்சே வராது. எங்கண்ணன் வாய்க்குத்தான் நான் பொறுப்பில்ல" என்றாள் என் மனைவி.

மச்சான் அன்றைக்கே ரயில் மேடையில் இரண்டாவது மாடிக்காரரைச் சந்தித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கட்டடம் முழுக்கச் சத்தம். எல்லா மாடியிலும் டேப்போடு ஆட்கள். ஒரு அப்பாவும் மகளும் ஹாலில், ஒரு புது ஜோடி பால்கனியில், கீழ்த்தளத்தில் ஒரு டீச்சர் பள்ளிக்கூட ஸ்கேலோடு. எல்லாரும் தங்கள் வீடு குறைய வேண்டும் என்று மும்முரமாக அளந்துகொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் டேப்பின் நுனியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. நானாகவே உள்ளே போய், "சார், அழுத்திப் புடிங்க. புடிச்சிட்டு ஜீரோன்னு சொல்லுங்க. அப்பதான் அந்தாண்ட இருக்கறவருக்குத் தெரியும்" என்றேன். அவர் அப்படியே செய்தார். பிறகு அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். அன்று நான் ஆறு வீட்டில் ஜீரோ பிடித்தேன். பேசவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை லோன் பெண் போன் செய்தாள். குறைந்த மதிப்புக்குக் குறைந்த லோன். குறைந்த விலைக்கு அது போதும். பணம் பில்டருக்குப் போய்விட்டது. மாதத் தவணைகூட முதலில் சொன்னதைவிடக் கொஞ்சம் கம்மி. நான் போனை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஈரத் துணியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

பழைய கோடுகளை அவள் துடைத்தாள். நான் புதுக் கோடு போட்டேன். ஒவ்வொரு சுவரும் நாலு அங்குலம் உள்ளே. ஹாலில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் இப்போது முழங்கால் சுவரில் இடித்தது.

"இந்தாண்ட தள்ளி உக்காரு" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன்.

மச்சான் ஊருக்குக் கிளம்பப் பையோடு மேலே வந்தார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வந்தவர், கோட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். குனிந்து தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"வாசல் அதே எடத்துலதான?" என்று கேட்டார்.

"அதே எடந்தாண்ணா" என்றாள் என் மனைவி.

அவர் சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே வந்தார்.